தெருவுக்குப் போகாத ஷூ

"வீட்டுக்குள்ளே ஷூவா? நடக்காது!" என்றாள் அம்மா.

"அம்மா, இது தெருவையே பார்க்கலையே. கடையிலிருந்து டப்பாவுக்குள்ளே வந்தது. டப்பாவிலிருந்து நேரா என் காலுக்கு வந்தது," என்றாள் சுப்பு.

"எப்படி வந்தா என்ன? ஷூ ஷூதான்."

"மண்ணே படாத ஷூ எப்படிம்மா அழுக்காகும்?"

அம்மா வாயைத் திறப்பதற்குள், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"சுப்பு கேக்கறதிலே நியாயம் இருக்கே, சகுந்தலா."

"நீங்க பேப்பரைப் படிங்கோ."

கடைசியில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். பள்ளிக்கூட விழா வரும்வரை அந்த ஷூ தெருவில் இறங்கக்கூடாது. அதுவரை வீட்டுக்குள் பயிற்சிக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம். அப்படிச் சொல்லிவிட்டும் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. ஈரத்துணியால் ஷூவின் அடிப்பக்கத்தை ஒரு தடவை துடைத்தாள். ஐந்து வயதுத் தம்பி பட்டாபி குங்குமச் சிமிழோடு ஓடி வந்தான்.

"அம்மா, புதுச் சட்டைக்கு வைக்கிற மாதிரி இதுக்கும் பொட்டு வைக்கலாமா?"

"போடா அந்தண்டை!"

சுப்புவின் முழுப்பெயர் சுப்புலக்ஷ்மி. ஐந்தாம் வகுப்பு. அப்பா வைத்தியநாதனுக்கு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்தபோது சுப்பு கைக்குழந்தை. பவானிபூரில் ஒரு பழைய வீட்டின் இரண்டாவது மாடியில் குடியிருந்தார்கள். சுப்பு வீட்டில் தமிழ் பேசுவாள், வெளியே வங்காளி பேசுவாள். தூக்கத்தில் உளறுவதும் வங்காளியில்தான். அம்மாவுக்கு வங்காளி பாதிதான் வரும். மீதியைக் கையால் பேசுவாள்.

அந்த வருஷம் பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் ஐந்தாம் வகுப்புப் பெண்களின் அணிவகுப்பு இருந்தது. வெள்ளை கவுன், சிவப்பு ரிப்பன், கறுப்புத் தோல் ஷூ. எல்லாக் கால்களும் ஒரே சத்தமாகக் கேட்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் வெறுங்காலோடு பழகும்போதே சுப்புவுக்கு இடது கால் கொஞ்சம் பிந்தியே வந்தது; ரப்பர் செருப்பிலேயே வளர்ந்தவளுக்கு அந்தக் கெட்டியான ஷூவுக்குள் இன்னும் பிந்தியது.

"சுப்புலக்ஷ்மி!" என்று டிரில் டீச்சர் மிஸ் சென் கத்துவாள். "உன் இடது கால் இன்னும் டிராமை விட்டு இறங்கலையா?"

எல்லாரும் சிரிப்பார்கள். சுப்புவும் சிரிப்பாள். அழுகை வராமல் இருக்கத்தான்.

"மூன்று வாரத்தில் ஒரு சனிக்கிழமை ஒவ்வொருத்தராய்ப் பார்க்கப் போகிறேன். கால் தப்பினால் பெஞ்சில் உட்கார்ந்து கை தட்ட வேண்டியதுதான். வீட்டில் ஷூ போட்டுக்கொண்டு பழகு," என்று மிஸ் சென் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

அதனால் தினமும் விளக்கு ஏற்றும் நேரத்தில் சுப்பு நடு அறையில் நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி நடப்பாள். பட்டாபி கட்டில்மேல் நின்றுகொண்டு, "லெப்ட்! ரைட்!" என்று அதிகாரம் செய்வான். அவனுக்கு எது லெப்ட், எது ரைட் என்று தெரியாது.

டக். டக். டக். டக்.

ஒரு நாள் சாயங்காலம் சுப்பு பயிற்சியை ஆரம்பிக்கும் முன்பே அம்மா கூப்பிட்டாள்.

"சுப்பு, மாஷிமாவோட வெண்கலக் கிண்ணம் இங்கேயே இருக்கு. எலுமிச்சை சாதம் போட்டு வெச்சிருக்கேன். குடுத்துட்டு வந்துடு."

மாஷிமா கீழே முதல் மாடியில் இருந்தாள். வங்காளியில் மாஷிமா என்றால் சித்தி, பெரியம்மா முறை. மாஷிமாவின் கணவர் மேஷோ. அவருக்குக் காது மந்தம். காதருகில் போய்க் கத்தினால்தான் கேட்கும்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, தபன். காலேஜில் படித்தான். சுப்புவுக்கு அவன் தபன்தா, அதாவது தபன் அண்ணா. பட்டாபியைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு தெருத்தெருவாகத் துர்கா பூஜைப் பந்தல் காட்டியவன் அவன்தான்.

போன வருஷம் பூஜை முடிந்ததும், பூஜைக்கு வாங்கிய புது ஷூவைப் போட்டுக்கொண்டு, "இதோ வந்துடறேன், மா," என்று படியிறங்கிப் போனான். வரவில்லை.

அப்போது போலீசுக்கும் காலேஜ் பையன்களுக்கும் மோதலாகிக் கல்கத்தா கலங்கிக் கிடந்த காலம். நிறைய வீடுகளில் இப்படி ஓர் அண்ணன் காணாமல் போயிருந்தான். ஏன் என்று சுப்பு கேட்டால், பெரியவர்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு வேறு பேச்சு பேசுவார்கள்.

சுப்பு கிண்ணத்தோடு போனபோது மாஷிமா தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். வாசல் கதவு தாழிடாமல் இருந்தது.

"வாம்மா, உட்கார். உங்க அம்மா கிண்ணத்தைச் சும்மா அனுப்பவே மாட்டாளா?"

"மாட்டாள் மாஷிமா. நீங்களும்தான் அனுப்ப மாட்டீங்க. அதனால்தான் இந்தக் கிண்ணம் யாரோடதுன்னு பட்டாபிக்கு இன்னும் சந்தேகம்."

மாஷிமா லேசாகச் சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று சுப்பு நினைத்துக்கொண்டாள்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

டக். டக். டக். டக்.

மாஷிமாவின் கை நின்றது. மடியிலிருந்த பட்டாணி தரையெல்லாம் உருண்டது. அவள் எழுந்து, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, கதவைத் திறந்து படிக்கட்டைப் பார்த்தாள்.

"கேட்குதா? ஏறி வர்றான்."

"யாரு மாஷிமா?"

"தபன்தான். கொஞ்ச நாளா இந்த நேரத்துக்கு ஏறி வர்றான். ஏறிக்கிட்டே இருக்கான். வந்து சேரத்தான் மாட்டேங்கறான்."

சுப்புவும் எட்டிப் பார்த்தாள். படிக்கட்டில் ஒரு பூனைதான் இருந்தது. ஆனால் சத்தம் கேட்டது. பழைய வீடு அது. மேலே எழும் சத்தம் உத்தரத்துக்குள் நுழைந்து, சுவருக்குள் இறங்கி, வேறெங்கிருந்தோ வருவதுபோல் கேட்கும். யாரோ ஒருவர் கெட்டியான ஷூவோடு நிதானமாகப் படியேறுவது போலவே இருந்தது. படிகள்தான் முடியவே இல்லை.

திடீரென்று மேலேயிருந்து அம்மாவின் குரல் தமிழில் வந்தது. "பட்டாபி! அக்கா ஷூவைக் கழட்டு! யாரைக் கேட்டு எடுத்தே?"

சத்தம் நின்றது.

"போயிட்டான்," என்றாள் மாஷிமா.

தன் ஷூச் சத்தம்தான் அது என்று சுப்புவுக்குப் புரிந்துவிட்டது. குனிந்து பட்டாணியைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

மேஷோ உள்ளேயிருந்து வந்தார். மனைவி கதவருகே நிற்பதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. சுப்புவைப் படிக்கட்டுவரை கொண்டுவிட வருவதுபோல் வெளியே வந்தார். காது மந்தமானவர்கள் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுவதுபோல், சத்தமாகவே பேசினார்.

"உங்க அப்பாகிட்ட சொல்லும்மா. அடுத்த வாரம் வீட்டைக் காலி பண்ணிட்டுக் கிருஷ்ணநகர் போறோம். மாஷிமாவோட தம்பி வீடு. இங்கே இருந்தா இல்லாத சத்தமெல்லாம் அவளுக்குக் கேட்குது. எனக்கு ஒண்ணும் கேட்கலை. டாக்டர்கிட்ட வேற காட்டணும்."

உள்ளேயிருந்து மாஷிமாவின் குரல் வந்தது. "நான் வரமாட்டேன்! அவன் வந்து பூட்டின கதவைப் பார்த்தா, எங்கே போவான்?"

அது மேஷோவின் காதில் விழவில்லை. சுப்புவின் காதில் விழுந்தது.

அவள் மேலே வந்தாள். பட்டாபி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். ஷூ மூலையில் கிடந்தது.

"வா அக்கா. லெப்ட், ரைட் சொல்லட்டுமா? ஷூ போட்டுக்கோ."

"வேண்டாம். வெறுங்காலோடேயே பண்றேன்."

"டீச்சர் திட்டுவா."

"திட்டட்டும்."

டிசம்பர் மாதத்துத் தரை சில்லென்று இருந்தது. சுப்பு காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். சத்தமே வரவில்லை. கைகளை விரித்து, குனிந்து, நிமிர்ந்து, எல்லாப் பயிற்சியையும் வெறுங்காலோடு செய்தாள். மனசு மட்டும் கீழ் வீட்டு வாசலிலேயே நின்றது. இனி மாஷிமாவுக்குச் சத்தம் கேட்காது. மேஷோவும் காலி பண்ண மாட்டார். எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

"இப்போ பாரு, எவ்வளவு லட்சணமா இருக்கு!" என்றாள் அம்மா. "இதைத்தானே நான் முதல்லேயே சொன்னேன்."

மறுநாளும் வெறுங்கால் பயிற்சிதான். அதற்கும் மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, மாஷிமா படிக்கட்டில் நின்றிருந்தாள். தலை வாரவில்லை. கண் வீங்கியிருந்தது.

"சுப்பு, உனக்குக் கேட்டதா?"

"என்ன மாஷிமா?"

"அவன் ஏறி வர்ற சத்தம். இப்போ ஏறவே இல்லையே! நான் கதவைத் திறக்கிறதுக்கு நேரமாச்சோ? கோவிச்சுக்கிட்டுப் போயிட்டானோ?"

சுப்பு அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள். மேலே ஓடினாள்.

அம்மா சமையலறையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். சுப்பு எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவின் கை புளித்தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது.

"அடக் கடவுளே," என்றாள் கடைசியில்.

"அம்மா, அது என் ஷூன்னு சொன்னா மாஷிமா அழுவாளா?"

"அழுவா."

"சொல்லாட்டா?"

அம்மா புளியைப் பிழிந்து போட்டாள்.

"சொல்லாட்டாலும் அழறாளே, அம்மா. நாள் முழுக்க வாசல்லேயே நிக்கறா."

"ஆமாம்."

"நீ போய்ச் சொல்றியா?"

அம்மா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டாள். "எனக்குப் பாதி வங்காளிதானே வரும், சுப்பு. இதைப் பாதியாச் சொல்லக்கூடாது. உனக்கு முடியும்னா நீயே சொல்லு. முடியலேன்னா அப்பா வரட்டும்."

சுப்பு யோசித்தாள். அப்பா சொன்னால் அது பெரியவர்கள் பேச்சாகிவிடும். மேஷோ தலையாட்டுவார். மாஷிமா நம்ப மாட்டாள்.

"நானே சொல்றேன். ஆனா பட்டாபி எனக்கு ஒத்தாசை பண்ணணும்."

"நானா?" என்று பட்டாபி குதித்தான்.

"ஆமாம். இந்த ஒத்தை ஷூவைப் போட்டுக்கோ. நான் கீழே போயிடுவேன். அம்மா சொல்லும்போது குதி. அம்மா நிறுத்துன்னா நிறுத்து."

"ஒத்தை ஷூவா? இன்னொண்ணு?"

"அது என்கிட்டே இருக்கும்."

இடது கால் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு சுப்பு வெறுங்காலோடு படியிறங்கினாள்.

மாஷிமா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மேஷோ ஒரு மரப்பெட்டியில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். சுப்பு நேராக அவர் காதருகே போனாள்.

"மேஷோ! மாஷிமாவுக்குக் கேட்கிறது நிஜமான சத்தம்!"

"என்னது?"

"நிஜமான சத்தம்! அந்த விளக்கைப் பாருங்க!"

உத்தரத்திலிருந்து ஒரு நீளக் கம்பியில் பல்பு தொங்கிக்கொண்டிருந்தது. சுப்பு வாசலுக்கு ஓடிப்போய், மேலே பார்த்து, "அம்மா! இப்போ!" என்று கத்தினாள்.

டக்... டக்... டக்...

பட்டாபி ஒற்றை ஷூவோடு நொண்டியடித்துக் குதித்தான். பல்பு மெல்ல ஆட ஆரம்பித்தது. அதோடு சேர்ந்து சுவரில் எல்லாருடைய நிழலும் ஆடியது. மேஷோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

மாஷிமா எழுந்து வாசலுக்குப் போகப் பார்த்தாள். சுப்பு குறுக்கே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாஷிமா, அது தபன்தா இல்லை. என் ஷூ. இப்போ பட்டாபி போட்டிருக்கான். இத்தனை நாளும் நான் போட்டுக்கிட்டு டிரில் பண்ணினேன். உங்களுக்குக் கேட்கும்னு எனக்குத் தெரியாது."

மேலே சத்தம் நின்றது. பல்பு மட்டும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே இருந்தது.

"அவன் இல்லையா?" என்றாள் மாஷிமா.

"இல்லை, மாஷிமா."

"ஒரு நாள்கூட இல்லையா?"

சுப்பு இல்லை என்று தலையை ஆட்டினாள்.

மாஷிமா அவள் கையிலிருந்த ஷூவை வாங்கினாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஷூ அவள் கையைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்தது.

"இவ்வளவு சின்னதா?" என்றாள். "இவ்வளவு சின்னது!"

அப்புறம் அழுதாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல், சத்தமாக அழுதாள். மேஷோவுக்குக்கூட அது கேட்டிருக்க வேண்டும். பெட்டியை அப்படியே விட்டுவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ சொன்னப்போ நான் நம்பலை," என்றார். "உனக்கு ஒண்ணுமில்லை. டாக்டர்கிட்டே போகவேண்டியவன் நான்தான். இந்த ரெண்டு காதையும் எடுத்துக்கிட்டு."

"கிருஷ்ணநகர் வேண்டாம்," என்றாள் மாஷிமா அழுகைக்கு நடுவே.

"வேண்டாம்," என்றார் மேஷோ. பெட்டியிலிருந்து தேநீர்ப் பாத்திரத்தை வெளியே எடுத்தார். அதுதான் முதலில் உள்ளே போயிருந்தது. அதனால் மற்ற எல்லாப் பாத்திரங்களையும் எடுக்க வேண்டியதாயிற்று.

சுப்பு போகலாமா இருக்கலாமா என்று தெரியாமல் சிவப்புச் சிமெண்டுத் தரையில் நின்றாள். மாஷிமா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் காலைப் பார்த்தாள்.

"ஷூவை ஏன் கழற்றினே? டிரில் பழகணுமே."

"சனிக்கிழமை பரீட்சை. வெறுங்காலோடேயே பழகறேன், மாஷிமா. இடது கால்தான் பிந்துது. டிராமை விட்டு இறங்கலைன்னு டீச்சர் கேலி பண்றா."

"எங்கே, செய்து காட்டு."

"இங்கேயா?"

"இங்கேதான். கண்ணால் பார்க்கிறேன். சும்மா காதால் கேட்டதெல்லாம் போதும்."

சுப்பு வெறுங்காலோடு நடந்து காட்டினாள். மாஷிமா சிறிது நேரம் சும்மா பார்த்தாள். பிறகு கட்டில் சட்டத்தில் விரலால் தட்டினாள். தட்டத் தட்ட, சுப்புவின் கால் அந்தத் தட்டலுக்குள் வந்து விழுந்தது.

"நீ காலைத் தூக்கும்போது கீழே பார்க்கிறே. அதான் பிந்துது. என்னைப் பாரு," என்றாள் மாஷிமா.

அன்றிலிருந்து பயிற்சி கீழ் வீட்டில்தான். ஷூ டப்பாவுக்குள் போய்விட்டது. சில நாள் மாஷிமா நன்றாகத் தட்டுவாள். சில நாள் பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்போது சுப்புவும் நிறுத்திவிட்டு, அவள் திரும்பும்வரை சுவரில் சாய்ந்து காத்திருப்பாள்.

சனிக்கிழமை மிஸ் சென் பார்த்தாள். "இடது கால் வந்துவிட்டது. வலது கால் கொஞ்சம் அவசரப்படுகிறது," என்றாள். கடைசி வரிசையில் ஓரத்தில் இடம் கொடுத்தாள். பெஞ்சு இல்லை. அது போதும் சுப்புவுக்கு.

விழா அன்றுதான் ஷூ முதல்முதலாகத் தெருவைப் பார்த்தது. டிராம் தண்டவாளத்தைத் தாண்டியது, மைதானத்துப் புழுதியில் அணிவகுத்தது, சேற்றிலும் ஒரு தடவை இறங்கியது.

சாயங்காலம் சுப்பு அப்பாவோடு திரும்பி வந்தாள். அப்பா தெருமுனைக் கடையில் காய்கறி வாங்க நின்றுவிட்டார். சுப்பு மட்டும் வீட்டுக்குள் நுழைந்து, படிக்கட்டுக்கடியில் குனிந்து ஷூவின் நாடாவை அவிழ்க்கப் போனாள். சத்தம் வரக்கூடாதே!

"கழற்றாதே!"

முதல் மாடித் தாழ்வாரத்திலிருந்து மாஷிமா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டுக்கிட்டே ஏறி வா."

"மாஷிமா, சத்தம் கேட்குமே..."

"கேட்கட்டும். நான் உள்ளே போய் உட்கார்ந்துக்கறேன். நீ ஏறி வா. உன் கால் எப்படிக் கேட்கும்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அவன் வரும்போது குழப்பம் வரக்கூடாது இல்லையா?"

அவள் உள்ளே போனாள். சுப்பு நாடாவை மறுபடி இறுக்கிக் கட்டினாள். பிறகு ஏறினாள். காலை இழுக்காமல், எம்பாமல், தன் நடையிலேயே ஏறினாள்.

டக். டக். டக். டக்.

மேல் படியை அடைந்தபோது லூச்சி என்னும் வங்காளிப் பூரியின் வாசனை வந்தது; உள்ளே மாஷிமா மேஷோவின் காதில் உரக்கச் சொல்வது கேட்டது.

"சுப்பு வந்தாச்சு! இது சுப்புதான், எனக்குத் தெரியுது! வலது கால் அவசரப்படுது பாருங்க. விழாவிலும் ஒரு தடவையாவது தப்பியிருப்பா. குழந்தைக்கு ரெண்டு லூச்சி கூடப் போடணும்!"

"ரெண்டு தடவை தப்பினேன், மாஷிமா!" என்றாள் சுப்பு, வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டே.

"அப்போ நாலு!" என்று குரல் வந்தது.